கியர்பாக்ஸை விற்கிறவர்களே, பெடலை எங்கே போட்டீர்கள்?

ஆட்டோமேட்டிக் பிக்கப்பை மேனுவலாக மாற்றுவதில் எது கஷ்டம் என்று கேட்டால், கியர்பாக்ஸ் என்பார்கள். வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன், அது இல்லை. கியர்பாக்ஸ் கிடைக்கிறது. காசைக் கட்டினால் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கிவிட்டுப் போகிறார்கள். கிடைக்காதது, அந்தக் கியர்பாக்ஸோடு ஒரே வண்டியில் இத்தனை வருஷம் ஓடிய சில்லறைச் சாமான்கள்தான். கிளட்ச் பெடல், அதைத் தாங்கும் பிராக்கெட், கிளட்ச் ஆயில் குழாய், கியர்பாக்ஸை அடியில் தாங்கும் கிராஸ் மெம்பர், அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் சரியான நீளத்துப் புரொப்பெல்லர் ஷாஃப்ட், தரையில் கியர் கம்பி வரும் ஓட்டைக்கு மேல் உட்காரும் தகடு, அதன் ரப்பர். இவை எல்லாம் நன்றாக இருக்கும்போதே இரும்பு விலைக்கு நசுக்கப்படுகின்றன. அதுதான் ஆறவே மாட்டேன் என்கிறது.

என்னுடையது 1997 டாட்ஜ் ராம் 2500. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. உள்ளே 12 வால்வு, 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல். டெக்சஸில் ஆஸ்டினுக்கு மேற்கே இருக்கிற மேட்டுப் பகுதியில் ஆடு ஏற்றிய டிரெய்லரை இழுக்கிற வேலை அதற்கு. இந்த இன்ஜினைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். டீசலை அளந்து கொடுப்பது பாஷ் பி7100 பம்ப். முழுக்க இயந்திர வேலை, அதில் கம்ப்யூட்டர் கை வைக்காது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைக் காணோம் என்று கம்ப்யூட்டர் எவ்வளவு கத்தினாலும் டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும், அவ்வளவுதான். இன்ஜின் அதன் பாட்டுக்கு ஓடும். அதே காலத்துப் பெட்ரோல் பிக்கப் என்றால் கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டும், இல்லையென்றால் புதிதாக புரோகிராம் எழுத வேண்டும். அந்தத் தலைவலி எதுவும் இதில் இல்லை. மாற்றுவதற்கு இதைவிட ஒத்துவருகிற வண்டி கிடையாது. அதற்கே இந்தப் பாடு.

எதற்கு மாற்ற வேண்டும்? ஒரு தரம் பாரத்தோடு இறக்கத்தில் வந்து பாருங்கள். 47ஆர்இ என்கிற அந்த நான்கு கியர் ஆட்டோமேட்டிக், காலை எடுத்ததும், இன்ஜினைக் கியர்பாக்ஸோடு ஆயில் வழியாக இணைக்கும் டார்க் கன்வர்ட்டரின் பூட்டை விட்டுவிடும். இன்ஜினின் பிடிப்பு போய்விடும். பின்னால் டிரெய்லர் தள்ள, முன்னால் வளைவு வர, பிரேக் ஒன்றை நம்பியே கீழே இறங்க வேண்டும். அதில் முதல் கியரின் விகிதம் 2.45; இந்த எண் பெரிதானால் இழுப்பும் பெரிது. நான் மாட்ட நினைப்பது என்வி4500, வார்ப்பிரும்பு உடம்பு, ஐந்து கியர், முதல் கியர் 5.61. எண்களைப் பார்த்தாலே போதும், எது பாரம் இழுக்கப் பிறந்தது என்று யாரும் விளக்க வேண்டாம்.

கம்பெனிக்கே இது தெரியும். அந்த வருஷத்து விவரக் காகிதத்தை எடுத்துப் பாருங்கள். ஆட்டோமேட்டிக்கோடு வந்த வண்டிக்கு 180 குதிரைத்திறன், 420 பவுண்ட்-அடி டார்க். மேனுவலோடு வந்த வண்டிக்கு 215 குதிரைத்திறன், 440 பவுண்ட்-அடி. இன்ஜின் ஒன்றுதான். ஆட்டோமேட்டிக் தாங்காது என்று டீசலைக் குறைத்து வைத்தே விற்றார்கள். அப்படி விற்ற வண்டியை ஒருத்தன் சரிசெய்து ஓட்ட நினைத்தால், ஊரே சேர்ந்து வழியை மறிக்கிறது.

முதல் குற்றவாளி காயலான் கடைக்காரர். பக்கத்து மாவட்டத்தில் ஒரு யார்டில் பின்பக்கம் அடிபட்ட மேனுவல் ராம் ஒன்று நிற்கிறது என்று கேள்விப்பட்டு போன் போட்டேன். "கியர்பாக்ஸ் போயிடுச்சு, மத்ததெல்லாம் அப்படியே இருக்கு, வா" என்றார்கள். போய்ப் பார்த்தால் அப்படியே இல்லை. இந்த வண்டியில் பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர், குழாய், கீழே கிளட்சை நகர்த்தும் ஸ்லேவ் சிலிண்டர் மூன்றும் ஒரே தொகுப்பு. கம்பெனியிலேயே ஆயில் நிரப்பி, காற்று எடுத்து, மூடி வருவது. கியர்பாக்ஸை இறக்குகிறவன் ஸ்லேவைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டைக் கழற்றி ஓரமாகத் தொங்கவிட்டிருந்தால் மொத்தமும் முழுசாக இருந்திருக்கும். நட்டைக் கழற்ற அவனுக்குப் பொறுமை இல்லை. குழாயை நடுவில் கட்டரால் வெட்டியிருந்தான். வெட்டிய முனை நசுங்கி, ஆயில் சொட்டிச் சொட்டி வண்டியின் சேஸிஸ் சட்டத்தில் பெயின்ட் உரிந்து கிடந்தது. புரொப்பெல்லர் ஷாஃப்டையும் விடவில்லை, அதன் முனையில் இணைக்கும் யோக்கைக் கழற்றச் சோம்பல்பட்டு டார்ச் வைத்து அறுத்திருந்தார்கள்.

சரி, பெடல் பிராக்கெட்டாவது இருக்கிறதே என்று கேட்டேன். டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு, ஸ்டியரிங் கம்பத்தை இறக்கினால்தான் அது வரும். நானே கழற்றிக்கொள்கிறேன், கேட்ட விலையைத் தருகிறேன் என்றேன். வாடிக்கையாளர் வண்டிக்குள் ஏறக்கூடாது, இன்ஷூரன்ஸ் ஒத்துக்கொள்ளாது என்றார்கள். உங்கள் ஆளை விட்டுக் கழற்றுங்கள், கூலி தருகிறேன் என்றேன். இந்தச் சின்னச் சாமானுக்கு ஆளைக் கட்டிப்போட முடியாது என்றார்கள். மறுநாள் காலை அந்த கேபின் நசுக்கும் இயந்திரத்துக்குப் போகிறது என்பதையும் அதே மூச்சில் சொன்னார்கள். கையில் காசோடு, கருவிப் பெட்டியோடு ஒருத்தன் எதிரில் நிற்கிறான். அவன் கண் முன்னாலேயே நல்ல பிராக்கெட் ஒன்றை அழிக்கிறார்கள். இனி யாரும் செய்யப் போகாத சாமான் அது. இதற்குப் பெயர் வியாபாரமா?

அடுத்தது இணையத்தில் விற்கிறவர்கள். என்வி4500 என்று தலைப்பில் போட்டுவிட்டால் கடமை முடிந்ததாம். எந்த என்வி4500? ஜிஎம் வண்டிக்கு வந்ததா, டாட்ஜுக்கு வந்ததா? இரண்டுக்கும் முன்பக்கப் பொருத்தம் வேறு. டாட்ஜ் என்றால் பெட்ரோல் இன்ஜினோடு வந்ததா, டீசலோடு வந்ததா? உள்ளே போகிற ஷாஃப்டின் கனமே வேறு. இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டிக்கா, நான்கும் இழுக்கும் வண்டிக்கா? மெயின் ஷாஃப்டே வேறு, வாலை மட்டும் மாற்றிச் சரிக்கட்ட முடியாது. இத்தனையும் கேட்டால் "எல்லாத்துக்கும் செட் ஆகும்" என்று ஒரே பதில். ஒருவர் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கானது என்று சத்தியம் செய்தார். வால் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். வந்த படத்தில், முன் சக்கரங்களுக்கும் இழுப்பைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் மாட்ட இடமே இல்லாத நீளமான வால். சுட்டிக்காட்டினால் கோபம் அவருக்கு வருகிறது. தெரியாமல் வாங்குகிறவன், ஏறக்குறைய 90 கிலோ இரும்பை வீட்டில் இறக்கிய பிறகுதான் இது தனக்கு ஆகாது என்று கண்டுபிடிப்பான். அதற்குள் விற்றவர் போனை எடுக்க மாட்டார்.

இந்தக் கியர்பாக்ஸுக்கு ஊரறிந்த வியாதி ஒன்று உண்டு. மெயின் ஷாஃப்டின் பின்முனையில் ஐந்தாவது கியரைப் பிடித்திருக்கும் நட் தளர்ந்துவிடும், கியர் ஷாஃப்டின் பல்வரிசையில் (ஸ்பிலைன்) பின்னால் நகரும், ஒருநாள் ஐந்தாவது கியரே இருக்காது. கனமான டீசலின் அதிர்வில் இது சகஜம். மாற்று ஷாஃப்டும் பூட்டு நட்டும் தனியாகக் கிடைக்கின்றன, பிரச்சினை தீராதது அல்ல. ஆனால் விற்கிறவன் திறந்து பார்த்துச் சொல்ல வேண்டாமா? "சூப்பரா ஓடிச்சு" என்கிறான். எந்த ஆயில் ஊற்றினாய் என்று கேட்டால் கையில் கிடைத்ததை என்கிறான். ஜிஎல்-4 தரத்தில் 75டபிள்யூ-85 சிந்தெடிக் கேட்கிற பெட்டி இது. ஜிஎல்-5 ஊற்றினால் அதிலிருக்கும் கந்தகச் சேர்மானம், கியர் சத்தமில்லாமல் விழ உதவும் பித்தளை சின்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடும். ஆயில் விஷயத்திலேயே இப்படி என்றால் மற்றதை எப்படி நம்புவது?

பழசே வேண்டாம், ரீபில்ட் செய்ததை வாங்கிவிடலாம் என்று போனால் அங்கே 'கோர்' என்று ஒரு கொடுமை. பழைய கியர்பாக்ஸைத் திருப்பிக் கொடுத்தால்தான் முன்பணம் திரும்பும். அதே மாதிரிப் பெட்டிதான் வேண்டும். நான் ஆட்டோமேட்டிக்கிலிருந்து மாறுகிறவன், என்னிடம் ஏது மேனுவல்? என் 47ஆர்இ-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கும் மார்க்கெட் இருக்கிறதே என்றால் முடியாதாம். முன்பணம் போனது போனதுதானாம். மாற்றுகிற ஒவ்வொருவனும் இந்தத் தண்டத்தை அழுதுதான் தீர வேண்டும், ஏனென்றால் மாற்றுகிறவன் யாரிடமும் கோர் இருக்கப்போவதில்லை. இது தெரிந்தும் ஒரு வழி வைக்க இவர்களுக்கு மனசு வரவில்லை.

ஒர்க்‌ஷாப்காரர்கள் கதை தனி. வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே "அதே ஆட்டோமேட்டிக்கை ரீபில்ட் பண்ணித் தர்றோம்" என்று பல ஆயிரம் டாலருக்கு மதிப்பீட்டை நீட்டுகிறார்கள். வேண்டாம், மேனுவல்தான் என்றால் முகம் சுருங்குகிறது. ஒரு கடையில் மேனுவல் வண்டியை ஷெட்டுக்குள் நகர்த்துவதற்கே ஓய்வு பெறப் போகிற ஒரு பெரியவரைக் கூப்பிட வேண்டியிருந்தது, மற்ற பையன்களுக்கு கிளட்ச் ஓட்டத் தெரியாது. அந்தப் பெரியவர் ஒருவர்தான் நான் சொல்வதை முழுசாகக் கேட்டார். கடை முதலாளி அவரைப் பேசவே விடவில்லை.

இன்னொரு கடையில் சொன்ன யோசனையை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. 47ஆர்இ-இன் பக்கவாட்டில் மூன்று முனை சுவிட்ச் ஒன்று இருக்கிறது. ஓரத்து இரண்டு முனைகள் ரிவர்ஸ் விளக்குக்கு. நடு முனை, கியர் பார்க்கிலோ நியூட்ரலிலோ இருந்தால்தான் ஸ்டார்ட்டர் சுற்ற விடும். பெட்டியைக் கழற்றியதும் அந்தச் சுவிட்ச் போய்விடும். "நடு ஒயரை எடுத்து பாடியில கிரவுண்ட் பண்ணிடு, வேலை முடிஞ்சுது" என்கிறார்கள். வேலை முடியாது, ஆள்தான் முடிவான்! முதல் கியர் 5.61 உள்ள வண்டி, கியரில் நிற்கும்போது யாராவது சாவியைத் திருகினால் ஸ்டார்ட்டரின் இழுப்பிலேயே முன்னால் பாயும். என் வாசலில் குழந்தைகள் விளையாடுகிறார்கள். அந்த ஒயரை கிளட்ச் பெடலில் இருக்கும் சுவிட்ச் வழியாகக் கொண்டுபோனால் போதும், பெடலை முழுசாக மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும். ஒரு மணி நேர வேலை. அதைச் செய்யச் சோம்பல்பட்டு உயிரோடு விளையாடச் சொல்கிறான், அதற்குக் கூலியும் கேட்கிறான்.

நம்மவர்களும் சும்மா இல்லை. "அமெரிக்கா வந்தும் கிளட்ச் மிதிக்கணுமா?", "வித்துட்டு மேனுவல் வண்டியே வாங்கிடுங்களேன்". எல்லோரும் ஊரில் கிளட்ச் மிதித்து லைசென்ஸ் வாங்கியவர்கள்தான். துரு ஏறாத சேஸிஸ் சட்டம், நானே பார்த்துப் பார்த்துப் பராமரித்த இன்ஜின், இதை விற்றுவிட்டு யாரோ அடித்து ஓட்டிய வண்டியை எதற்கு நான் வாங்க வேண்டும்? அதுவும், மேனுவல் 12 வால்வுக்கு இன்று கேட்கிற விலைக்கு!

புதுசு வாங்கலாமே என்பார்கள். எங்கே இருக்கிறது? எஃப்-150இல் மேனுவல் 2008 மாடலோடு நின்றுபோனது. அமெரிக்காவில் பெரிய பிக்கப்பில் மேனுவலைக் கடைசிவரை கொடுத்தது ராம், அதுவும் 2018 மாடலோடு சரி. சின்ன வண்டி என்றால் டொயோட்டா டகோமா 2024இல் புதிதாக வந்தபோது 6 கியர் மேனுவலை விடாமல் வைத்தது, அதற்கு என் நன்றி. ஆனால் அதிலும் ஆட்டோமேட்டிக்குக்கு 278 குதிரைத்திறன், மேனுவலுக்கு 270. அன்றைக்கு மேனுவல் வாங்கியவனுக்கு அதிகம் கொடுத்தார்கள், இன்றைக்கு அவனுக்குத்தான் குறைச்சல். வாங்க ஆளில்லை என்று காரணம் சொல்கிறார்கள். கடையில் ஒன்றுகூட நிறுத்தாமல் வைத்திருந்தால் ஆள் எங்கிருந்து வரும்?

கடைசியில் எனக்கு பெடல் பிராக்கெட் கிடைத்தது, ஓக்லஹோமாவில் தன் வண்டியைத் தானே கழற்றி விற்ற ஒரு விவசாயியிடம். போல்ட்டுகளைத் தனித்தனிப் பையில் போட்டு, எது எங்கே என்று எழுதி, பெடலின் புஷ்ஷைக்கூடத் துடைத்து அனுப்பியிருந்தார். அவருக்குத் தெரிகிறது, இத்தனை பெரிய யார்டுகளுக்குத் தெரியவில்லை. கிராஸ் மெம்பரும் ஷாஃப்டும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். மேனுவல் ராம் ஒன்றைப் பிரிக்கப் போகிறவர் யாராவது இதைப் படித்தால், கட்டரைக் கீழே வையுங்கள். ஸ்லேவில் இரண்டே நட். கழற்றிவிட்டு, வண்டியில் மீதி இருப்பதை நசுக்க அனுப்புவதற்கு முன் ஒரு வார்த்தை எழுதுங்கள். டெக்சஸில் எந்த மூலை என்றாலும் நானே வந்து கழற்றிக்கொள்கிறேன்.