அடிபட்டவரிடம் தீர்ப்பைக் கேட்காதீர்கள்

குழுவாக மலைப்பாதையில் நடக்கும்போது ஒருவருக்குக் கால் பிசகிவிட்டால், தொடர்வதா திரும்புவதா என்ற முடிவை அவரிடமே விடுவது நாகரிகம் போலத் தோன்றினாலும் அது அவருக்குச் செய்யும் அநியாயம் என்பது என் உறுதியான கருத்து. "ஒன்றுமில்லை, நடக்கலாம்" என்றுதான் அவர் சொல்வார். அந்தப் பதிலில் இருப்பது காலின் நிலை அன்று. மற்றவர்களின் விடுமுறையைக் கெடுக்கிறோமே என்ற கூச்சம்.

புதுச்சேரியிலிருந்து அண்ணனும் அண்ணியும் இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனுக்கு வந்திருந்தபோது, சேன் பெனுவா நகருக்கு மேலே உள்ள கிராந்த் எத்தான் ஏரிக்கு எல்லோரும் போனோம். பழைய எரிமலைக் குழம்பு பள்ளத்தாக்கை மறித்ததால் ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்தில் தேங்கிய ஏரி அது. கரையைச் சுற்றியுள்ள பாதை எளிதானது என்று எல்லோரும் சொல்வார்கள். செருப்போடு வருகிறவர்களையும் காணலாம். ஆனால் தீவின் கிழக்குப் பக்கத்தில் மழைக்குக் குறைவில்லை. சேறும் வழுக்கும் வேர்களும் எப்போதும் உண்டு. அருவிகளை நோக்கிப் போகும் வழியில் அத்தகைய வேர் ஒன்றில் அண்ணியின் பாதம் உட்புறமாக மடங்கியது. சிறிது நேரத்தில் வெளிக்கணுக்கால் எலுமிச்சங்காய் அளவுக்கு வீங்கிவிட்டது.

அம்மா உடனே பையிலிருந்து தைலத்தை எடுத்து நீவிவிட உட்கார்ந்தார். நம் குடும்பங்களில் சுளுக்கு என்றாலே கை அங்கேதான் போகிறது. பாதம் இப்படி மடங்கும்போது பெரும்பாலும் வெளிப்புறத் தசைநார்தான் இழுபடுகிறது அல்லது கிழிகிறது. கூடவே நுண்ணிய இரத்தக்குழாய்களும் அறுந்து உள்ளே கசிகின்றன. முதல் இரண்டு மூன்று நாட்களில் அந்த இடத்தை அழுத்தித் தேய்ப்பதும் சூடு வைப்பதும் கசிவையும் வீக்கத்தையும் கூட்டவே செய்யும். அம்மாவுக்கு மனத்தாங்கல்தான், ஆனாலும் தடுத்துவிட்டேன். காலணியைக் கழற்றினால் வீங்கிய காலில் மீண்டும் நுழையாது என்பதால் அதையும் கழற்றாமல், கயிற்றை மட்டும் சற்று இறுக்கிக் கட்டினோம்.

எலும்பு முறிவா என்று ஊகிக்க, கனடாவின் ஒட்டாவா மருத்துவர்கள் 1992இல் வெளியிட்ட எளிய விதிகள் உள்ளன. கணுக்கால் குமிழ் எலும்புகளின் பின்விளிம்பிலோ நுனியிலோ அழுத்தும்போது வலித்தாலும், நான்கு அடிகள் எடுத்துவைக்க முடியாவிட்டாலும் எக்ஸ்ரே தேவை. அண்ணி நொண்டியபடி நான்கு அடிகள் வைத்தார். எலும்பை அழுத்தியபோதும் வலிக்கவில்லை. அண்ணனுக்கு அது போதுமானதாக இருந்தது; இன்னும் கொஞ்ச தூரந்தானே என்றார். முறிவு இல்லை என்பது நடக்கலாம் என்பதற்கு அனுமதி ஆகாது. முன்னே போகும் தூரம் முழுவதையும் அதே காலோடு திரும்பிக் கடக்க வேண்டும். தளர்ந்த தசைநார் இன்னொரு வேரில் தடுக்கினால் எளிதில் மீண்டும் பிசகும். இங்கே அவசர உதவி எண்ணான 112க்கு அழைத்தால் ஜெண்டார்மெரி என்ற பிரெஞ்சுக் காவல்படையின் மலை மீட்புப் பிரிவு ஹெலிகாப்டரில் கூட வரும் என்பது உண்மைதான். ஆனால் நண்பகலை ஒட்டி மேகம் மலைச்சரிவை மூடிவிடுவது இந்தத் தீவின் வழக்கம், மூடிய மேகத்துக்குள் ஹெலிகாப்டர் இறங்காது.

அண்ணியிடம் எதுவும் கேட்காமல், திரும்புகிறோம் என்று சொல்லிவிட்டேன். அண்ணன் வழிநெடுக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அன்றிரவு தலையணைமேல் காலை உயர்த்தி வைத்தபடி, "கேட்டிருந்தால் அருவிவரை வந்திருப்பேன், வலி முதலிலிருந்தே பொறுக்க முடியவில்லை" என்றார் அண்ணி.

நல்ல காலணியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளச் சொல்லும் நாம், வண்டியை நிறுத்திய இடத்திலேயே இன்னொன்றையும் பேசி முடித்துக்கொள்ளலாம்: யாருக்குக் கால் பிசகினாலும் அந்த இடத்திலிருந்தே எல்லோரும் திரும்புவோம். அப்படி முன்பே பேசிவிட்டால், அடிபட்டவர் வலியை மறைக்க வேண்டிய தேவையே எழாது.