பரிதாபப்படாமல் கேளுங்கள்

பியானோ ரசிகர்கள் கூடும் இடத்தில் ஹங்கேரியப் பியானோ கலைஞர் எர்வின் நீரெஜ்ஹாஸியின் பெயரை எடுத்தால் அடுத்த நிமிஷம் அவருடைய பத்துக் கல்யாணம் வந்துவிடும். அப்புறம் குடி, மலிவான அறைகள், சொந்தமாக ஒரு பியானோகூட இல்லாத வருஷங்கள். வாசிப்பைப் பற்றிப் பேச ஆரம்பிப்பதற்குள் காபி ஆறிவிடும்.

கதை பெரிய கதைதான், மறுக்கவில்லை. 1903இல் புடாபெஸ்டில் பிறந்தவர். கேஸா ரேவேஸ் என்ற உளவியலாளர் அந்தச் சிறுவனை வருஷக்கணக்கில் சோதித்து 1916இல் தனிப் புத்தகமே போட்டார். 1920இல் நியூயார்க் கார்னகி ஹாலில் கச்சேரி. பிறகு மேனேஜரோடு கோர்ட் வழக்கு, வாய்ப்புகள் வற்றிப்போய் லாஸ் ஏஞ்சலிஸ் வாசம்.

1973 மே 6. சான் பிரான்சிஸ்கோவில் ஓல்ட் ஃபர்ஸ்ட் சர்ச். மனைவியின் வைத்தியச் செலவுக்காக எழுபது வயதில் மேடை ஏறுகிறார். கூட்டத்தில் ஒருவர் காசெட்டில் பதிவு செய்கிறார். அதிலிருந்த, இசையமைப்பாளர் லிஸ்ட் புனிதர் கதைகளை வைத்து எழுதிய இரண்டு ‘லெஜண்ட்’களும் 1977இல் டெஸ்மார் நிறுவனத்தின் இசைத்தட்டாக வெளிவந்தன.

இரண்டாவதைக் கேளுங்கள். படகில் ஏற்ற மறுக்கப்பட்ட பாவோலாவின் புனித பிரான்சிஸ், கடல்மேல் நடந்து கடந்தார் என்பது ஐதீகம். அதைத்தான் லிஸ்ட் இசையாக்கியிருக்கிறார். இடது கை முழுக்க அலை. மற்றவர்கள் வாசித்தால் அலை அழகாகச் சுருண்டு எழும். இவரிடம் அது மெதுவாக, பயமுறுத்துகிற மாதிரி வரும். கீழ்க் கட்டைகளில் ஸ்வரங்கள் தனித்தனியாகப் பிரியாமல் ஒரே முழக்கம். காசெட்டால் தாங்க முடியாமல் ஒலி கரகரக்கிறது. தப்பு ஸ்வரங்களும் ஏராளம்.

“பாவம், வயசானவர், பழக்கம் விட்டுப்போச்சு” என்று சலுகை கொடுப்பவர்கள்மேல்தான் எனக்கு எரிச்சல். இது கத்துக்குட்டி வாசிப்பு என்று தூக்கிப் போடுகிறவரோடாவது சண்டை போடலாம், அவர் காதால் கேட்டிருக்கிறார். 1935இல் இசையமைப்பாளர் ஷோன்பெர்க் இவரைக் கேட்டுவிட்டு, இசை நடத்துநர் ஓட்டோ க்ளெம்பரருக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. இப்படி ஒரு பியானோ கலைஞரைக் கேட்டதே இல்லை என்கிறார். ஆனால் காலப்பிரமாணம் எனக்கு ஒத்துவரவில்லை, உங்களுக்கும் ஒத்துவராது என்றும் எச்சரிக்கிறார். அப்போது நீரெஜ்ஹாஸிக்கு வயது 32! ஷோன்பெர்க்கோடு ஒத்துவராத அந்தப் பிடிவாதத்துக்கு முதுமையையா காரணம் சொல்வது?

1978இல் ஃபோர்டு அறக்கட்டளையின் பணத்தில் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துக்காக நல்ல ஸ்டூடியோவில் பதிவு செய்தார்கள். ஒலி சுத்தம். எனக்கென்னவோ அந்தக் கரகர காசெட்தான் மேல். அலை ஓய்ந்ததும் லிஸ்ட் ஒரு மெல்லிய பகுதி எழுதியிருக்கிறார். அத்தனை முழக்கத்துக்கும் பிறகு நாடா இரைச்சல் முன்னால் வர, அதன் பின்னாலிருந்து ஒற்றை ஒற்றையாக ஸ்வரங்கள் வருகின்றன. ஹெட்போனில் அந்த இடத்தை நேற்று ராத்திரி நாலு தடவை பின்னால் தள்ளிக் கேட்டேன்.

யூடியூபில் கிடைக்கிறது. கேட்டுவிட்டுத் திட்டினாலும் சரி, கமெண்டில் கல்யாணக் கணக்கு மட்டும் வேண்டாம்.