புகார் கேக்குற இடத்துல எஸ்பியே உக்காந்திருந்தா யாருங்க போவாங்க?

போலீஸ் சீர்திருத்தம்னு பேச்சு வந்தாலே எல்லாரும் டெல்லியில என்ன சட்டம் வந்துச்சுன்னு தான் பேசறோம், அதே சட்டம் ஒரு சாதாரண ஸ்டேஷன் வாசப்படி ஏறும்போது என்ன கதிக்கு ஆளாகுதுன்னு பாக்கறதே இல்ல.

2006ல பிரகாஷ் சிங் வழக்குல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிருச்சு. போலீஸ் மேல வர்ற புகாரை விசாரிக்க மாநிலத்துக்கு ஒண்ணு, மாவட்டத்துக்கு ஒண்ணுன்னு தனி ஆணையம் வேணும், மாவட்டத்துல ரிட்டயர்டு மாவட்ட நீதிபதி தான் தலைவரா இருக்கணும்னு. நம்ம தமிழ்நாட்டுல 2013ல இதுக்குன்னு சட்டம் வந்துச்சு. அதுல தலைவர் யாருன்னு பாத்தா மாவட்டத்துக்கு கலெக்டர், மாநிலத்துக்கு உள்துறைச் செயலர், மாவட்ட உறுப்பினர்கள்ல ஒருத்தர் அந்த மாவட்ட எஸ்பி! இன்ஸ்பெக்டர் அடிச்சாருன்னு அவரோட மேலதிகாரி முன்னாடியே போய் நின்னு சொல்றதுக்கு, ராத்திரி பூரா அடி வாங்கிட்டு வந்தவனுக்கு எங்கேர்ந்துங்க தைரியம் வரும்?

சாத்தான்குளத்தை நாம மறக்கவே கூடாது. 2020 ஜூன்ல ஜெயராஜ், பென்னிக்ஸ்னு அப்பாவும் புள்ளையும் அந்த ஊர் போலீஸ் ஸ்டேஷன்ல அடி வாங்கி அடுத்தடுத்து செத்தாங்களே, அப்ப ஹைகோர்ட் சொல்லி மாஜிஸ்திரேட் ஸ்டேஷனுக்குப் போய் பாத்தார். கேமரா இருக்கு, ஹார்ட் டிஸ்க்ல ஒரு டெராபைட் இடமும் இருக்கு, ஆனா அன்னன்னிக்கு பதிவு அன்னன்னிக்கே தானா அழியற மாதிரி செட்டிங் போட்டு வெச்சிருக்காங்க. அன்னிக்கு ட்யூட்டில இருந்த பெண் ஏட்டு ஒருத்தங்க பயத்தை மீறி வாய் திறந்து சாட்சி சொன்னாங்க பாருங்க, அவங்களுக்கு தான் நாம கடமைப்பட்டிருக்கோம். அதே வருஷம் டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் எல்லா ஸ்டேஷன்லயும் கேமரா வைக்கணும், பதிவை 18 மாசம், முடியாட்டி ஒரு வருஷமாவது வெச்சிருக்கணும்னு உத்தரவு போட்டுச்சு.

அதுக்காக கீழ இருக்குற போலீஸ்காரங்களை மட்டும் திட்டறதுல எனக்கு உடன்பாடு இல்ல. 2024 ஜூலை 1லேர்ந்து புது சட்டப்படி சோதனை போட்டாலும் பொருளைக் கைப்பத்தினாலும் வீடியோ எடுக்கணும், நல்ல விஷயம் தான். ஆனா எனக்குத் தெரிஞ்ச ஏட்டு ஒருத்தர் அவரோட சொந்த போன்ல எடுக்கறார், பாதி வீடியோவுல ஸ்டோரேஜ் ஃபுல்லுன்னு நின்னு போய், பொண்ணு பிறந்தநாள் போட்டோவை எல்லாம் அழிச்சிட்டு மறுபடி எடுத்ததா சொன்னார். பந்தோபஸ்துக்கு ஆள் போயிட்டா ஸ்டேஷன்ல எழுத்து வேலை பாக்குற ரைட்டரும் வாசல்ல காவல் நிக்கற பாராவும் தான் மிச்சம், அந்த நேரம் பாத்து புகார் குடுக்க வர்றவங்களுக்கு எஃப்ஐஆர் எங்க, புகார் வந்துச்சுன்னு மட்டும் சொல்ற ஒரு சிஎஸ்ஆர் ரசீதைக் குடுத்து அனுப்பிடறாங்க.

அரசாங்கத்துக்கிட்ட நான் கேக்கறது ரொம்பப் பெரிய விஷயம் இல்லங்க. 2013 சட்டத்தைத் திருத்தி மாவட்ட ஆணையத்துலேர்ந்து எஸ்பியை எடுங்க, கலெக்டருக்குப் பதிலா ரிட்டயர்டு நீதிபதியைப் போடுங்க, அந்த ஆபீஸ் போலீஸ் வளாகத்துக்குள்ள இல்லாம வெளிய இருக்கட்டும். அந்த ஏட்டுக்கு ஸ்டேஷன் கணக்குல ஒரு போன் வாங்கிக் குடுங்க.