பள்ளத்தில் விழுந்தால் விழுந்ததுதான்

போன ஞாயிற்றுக்கிழமை என் பத்து வயது மகள் சூப்பர் மரியோவின் முதல் உலகத்தை ஒரு உயிர்கூடப் போகாமல் முடித்தாள். மொத்தம் நான்கு கட்டம். அதே நான்கைத் தாண்ட 1994இல் எனக்கு ஒரு கோடை விடுமுறை முழுக்கத் தேவைப்பட்டது. பெருமையாகத்தான் இருந்தது, பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்க்கும்வரை. மரியோ பள்ளத்தில் விழுகிறான். விழுந்த வழியே பின்னோக்கி எழும்பி மேலே வருகிறான், பாட்டு தலைகீழாக இழுபடுகிறது, மறுபடி குதிக்கிறான். மறுபடி விழுந்தால் மறுபடி எழும்புகிறான். அவள் விரல் ரிவைண்ட் பட்டனிலேயே குடியிருக்கிறது.

"இது அழுகுணி ஆட்டம்" என்றேன்.

"ரிவைண்ட் கேம்லயே இருக்குப்பா."

"கேம்ல இல்ல, ஆப்ல இருக்கு."

"ரெண்டும் போன்லதானே இருக்கு?"

பதில் வரவில்லை. ஒரு வாரமாக அந்தப் பதிலைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இந்தப் பதிவு அதற்காகத்தான்.

அந்த ஆப்புக்கு, அதாவது எமுலேட்டருக்கு, நான் எதிரி இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். காலையில் மும்பை லோக்கல் ரயிலில் டோம்பிவிலியில் ஏறி தாதரில் இறங்கும்வரை, கையை மடக்கி நீட்ட இடம் கிடைக்கிற நாளெல்லாம் நான் அதில்தான் ஆடுகிறேன். அந்தக் காலத்து வீடியோ கேம் பெட்டியைப் போலவே நடிக்கிற ஒரு ஆப், அவ்வளவுதான் எமுலேட்டர். நடிப்பது பெரிய கஷ்டமும் இல்லை. 1983இல் நின்டெண்டோ ஜப்பானில் விட்ட ஃபேமிகாம் பெட்டியின் சிப் வேகம் 1.79 மெகாஹெர்ட்ஸ், நினைவகம் 2 கிலோபைட். மரியோ விளையாட்டு மொத்தமும், எட்டு உலகம், பாட்டு, இளவரசி எல்லாம் சேர்த்து, 40 கிலோபைட். காலையில் குடும்ப குரூப்பில் பெரியப்பா அனுப்புகிற ரோஜாப்பூ குட் மார்னிங் இதைவிடப் பெரிது.

ஆனால் முதல் முறை போனில் மரியோவைத் திறந்தபோது ஏதோ உறுத்தியது. பாட்டு ஓடியது. நிஜமாகவே ஓட்டம். மரியோவும் கால் தரையில் பாவாமல் பறந்தான். எனக்கு வயதாகிவிட்டது, கை மந்தமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பத்து நாள் அப்படியே முதல் கட்டத்திலேயே செத்துக்கொண்டிருந்தேன்.

காரணம் வயது இல்லை, டிவி. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் டிவி நொடிக்கு 60 தடவை படத்தை வரைந்தது. நம்முடையது PAL என்ற முறை, 50 தடவை. மரியோ போன்ற ஆட்டங்கள் நேரத்தைக் கடிகாரம் பார்த்து எண்ணுவதில்லை, படத்தை வைத்து எண்ணுகின்றன. மேலே மூலையில் 400இலிருந்து இறங்குமே ஒரு எண், அதில் ஒன்று குறைய 24 படம். 400உம் தீர 9600 படம். அறுபது கணக்கில் 160 நொடி, ஐம்பது கணக்கில் 192 நொடி. அதாவது மீடியா, லிட்டில் மாஸ்டர் என்று அட்டைப்பெட்டியில் பேர் போட்டு நமக்கு விற்ற நகல் பெட்டிகளில், ஆட்டம், பாட்டு, எதிரி எல்லாமே ஆறில் ஒரு பங்கு மெதுவாக நடந்திருக்கின்றன. நாங்கள் சூரர்கள் என்று நினைத்திருந்தோம். தூர்தர்ஷன் டிவி எங்களுக்குத் தள்ளுபடி போட்டுக் கொடுத்திருக்கிறது!

இதற்கு வழி இருக்கிறது. ரெட்ரோஆர்ச் என்ற எமுலேட்டர் ஆப்பில் எஃப்சிஇயூஎம்எம் என்ற கோரை (பழைய பெட்டியாக நடிக்கிற பகுதி அதுதான்) போட்டு, கேம் ஓடும்போதே கோர் ஆப்ஷன்ஸ் உள்ளே போனால் ரீஜன் என்று ஒன்று வரும். அதை டெண்டி என்று மாற்றுங்கள். டெண்டி என்பது 1992இல் ரஷ்யாவில் விற்பனைக்கு வந்த நகல் பெட்டியின் பேர். அந்த வகை ஐம்பது படப் பெட்டிகளுக்கெல்லாம் அதுவே பொதுப்பேராகிவிட்டது. மாற்றினேன். பாட்டு ஒரு மூச்சு தாழ்ந்தது. காட்கோபர் தாண்டி நெரிசலில் நின்றுகொண்டிருந்தவனுக்குச் சட்டென்று சயான் கோலிவாடா கடையில் இருந்த ஊதுபத்தி வாசனை வந்தது. மிகைப்படுத்தவில்லை.

அந்தக் கடையைச் சொல்லியாக வேண்டும். பத்துக்கு எட்டு இருக்கும். முன்னால் மளிகை, பின்னால் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் இரண்டு டிவி. மணிக்கு ஐந்து ரூபாய். அந்த ஐந்து ரூபாய் எந்தப் பையனிடமும் தனியாக இருக்காது. ஆளுக்கு ஒரு ரூபாய் போட்டு ஐந்து பேர் சேர்வோம். கையில் பிடித்து ஆடுகிற ரிமோட் இரண்டில் ஒன்றுதான் வேலை செய்யும், இன்னொன்றில் இடது பக்கம் போகாது. எனவே சட்டம்: ஒரு உயிர் போனால் ரிமோட் கை மாறும். மீதி நான்கு பேர் பின்னால் நின்றுகொண்டு ஆடுகிறவனின் சாவுக்காக வெளிப்படையாகவே பிரார்த்தனை செய்வோம். என் சித்தி பையன், இன்றைக்குப் பாங்கில் அதிகாரி, "சாவுடா, சாவுடா" என்று காதருகே மந்திரம்போல் முணுமுணுப்பான். அந்த மந்திரத்துக்கு நடுவே குதித்த குதிகள்தான் எங்களுக்குத் தெரிந்த குதிகள். செத்தால் நாலு பேருடைய உயிரும் போன பிறகுதான் அடுத்த வாய்ப்பு. அதனால் பள்ளத்துக்கு ஒரு ஆழம் இருந்தது. ரிவைண்ட் அடித்துக் கடக்கிற பள்ளத்துக்கு அது கிடையாது, தரையில் போட்ட கோலம் மாதிரி.

போன் கண்ணாடியில் ஆடுவதன் சங்கடம் வேறு. பழைய ரிமோட்டில் பி பட்டனை அழுத்தினால் ஓட்டம், ஏ பட்டன் குதி. ஓடிக்கொண்டே குதிக்க வேண்டும் என்றால் பெருவிரல் நுனியை பியில் ஊன்றி, விரலை அப்படியே சாய்த்து மடிப்பால் ஏயைத் தட்டுவோம். யாரும் சொல்லித்தரவில்லை, எல்லாப் பையனுக்கும் வந்துவிடும். கண்ணாடியில் விளிம்பே இல்லாததால் விரலுக்கு எது பி, எது ஏ என்று தெரிவதில்லை. லாமிங்டன் ரோட்டில் எண்ணூறு ரூபாய்க்கு ஒரு ப்ளூடூத் ரிமோட் வாங்கினேன். மூன்றாவது வாரம் அதிலும் இடது பக்கம் போகவில்லை. பழைய நினைவுக்கு இவ்வளவு உண்மையாக இருக்க வேண்டியதில்லை. (இப்போது வைத்திருப்பது ஒயர் போட்டது. ரயிலில் பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.)

வாத்துச் சுடுகிற ஆட்டத்தைப் போனில் முயலவே முயலாதீர்கள். நிஜத்தில் அந்த ஆட்டத்துக்கான பொம்மைத் துப்பாக்கி சுடுவதே இல்லை, பார்ப்பதுதான் அதன் வேலை. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும், அந்த வெளிச்சத்தைத் துப்பாக்கிக்குள் இருக்கும் கண் பிடிக்கும். பழைய குண்டு டிவியின் கணக்குக்குச் செய்தது, இன்றைய திரைகளுக்குப் பொருந்தாது. போனில் வாத்தை விரலால் தொட்டால் விழுந்துவிடுகிறது. அதற்குக் கொசு அடிக்கலாம்.

சரி, ரிவைண்டுக்கு வருகிறேன். சேவ் ஸ்டேட் என்று இன்னொன்று உண்டு: ஆட்டத்தை எந்த நொடியிலும் அப்படியே உறைய வைத்து, பிறகு அங்கிருந்தே தொடரலாம். இதை நான் தினமும் பயன்படுத்துகிறேன். குர்லா வந்ததும் உறைய வைத்துவிட்டு வாசலை நோக்கி நெருக்க ஆரம்பிக்காவிட்டால் தாதரில் இறங்க முடியாது. அது புத்தகத்தில் மயிலிறகு வைப்பது மாதிரி. ஆனால் ஒவ்வொரு பள்ளத்துக்கு முன்பும் உறைய வைத்து, விழுந்தால் மீட்டெடுத்து, இப்படியே கடைசிவரை போவது வேறு. ஒரே வசதிதான். வண்டி நிற்கும்போது செய்தால் ஒன்று, தோற்கும்போது செய்தால் இன்னொன்று.

இதை மகளிடம் விளக்கினேன். கேட்டுவிட்டு, "நீங்க கான்ட்ரால முப்பது லைஃப் போட்டுத்தானே ஆடுனீங்க? நீங்களே சொன்னீங்க" என்றாள்.

சொன்னேன்தான். கான்ட்ரா என்ற சுடும் ஆட்டத்தின் தொடக்கத்தில் பட்டன்களை இந்த வரிசையில் அழுத்தினால் முப்பது உயிர்: மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம் இடம் வலம், பி, ஏ. தூக்கத்தில் கேட்டாலும் விரல் சொல்லும். அந்தக் குறியீட்டை முதலில் வைத்தவர் கொனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹஷிமோட்டோ. 1986இல் கிரேடியஸ் ஆட்டத்தை வீட்டுப் பெட்டிக்கு மாற்றும்போது, சோதித்துப் பார்க்க அவருக்கே அது கடினமாக இருந்ததாம், அதனால் தனக்கென்று ஒரு குறுக்குவழி போட்டுக்கொண்டார். பிறகு அது கான்ட்ராவுக்கும் வந்தது. 2020இல் அவர் காலமானார். செய்தவரே அழுகுணி ஆட்டம் ஆடியிருக்கிறார், நீங்கள் யார் கேட்க என்று என் மகள் சார்பில் நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். இருந்தாலும் ஒன்று: முப்பது உயிரும் தீரும். எங்களுக்கு ஆறாவது கட்டத்தில் தீர்ந்தது, எல்லா நாளும். தீராத உயிர் என்பது உயிரே இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், பத்து வயதுப் பிள்ளையிடம் சொல்கிற பேச்சா என்று விட்டுவிட்டேன்.

திருட்டு நகல்தானே என்று சிலர் கமெண்டில் கேட்பார்கள் என்று தெரியும். எமுலேட்டர் ஆப் குற்றமில்லை. 2000இலேயே சோனி தொடுத்த வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் எமுலேட்டர் செய்தவர்கள் பக்கம் நின்றது. ஆப்பிள்கூட 2024 ஏப்ரலில் தன் கடையில் இவற்றை அனுமதித்துவிட்டது. கேமை இணையத்திலிருந்து இறக்குவதுதான் சிக்கல். மனீஷ் மார்க்கெட்டில் வாங்கிய, 9999999 ஆட்டம் என்று அச்சடித்து உள்ளே ஐந்து ஆட்டம் வைத்த கேசட்டில் வளர்ந்தவன் இதில் நீதிமானாக முடியாது. என் வழக்கம் இதுதான்: விற்பனையில் இருந்தால் வாங்குகிறேன். கான்ட்ரா தொகுப்பு 2019இலிருந்து விற்பனையில் இருக்கிறது, வாங்கியிருக்கிறேன்.

முஸ்தபாவை எங்கே போய் வாங்குவது? காயின் போட்டு ஆடும் பார்லர்களில் மும்பையே முஸ்தபா என்று கூப்பிட்ட அந்த ஆட்டத்தின் உண்மைப் பேர் கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ், காப்காம் 1993இல் செய்தது. நான்கு நாயகர்களில் மஞ்சள் தொப்பி போட்ட முஸ்தபா கைரோவைத்தான் எல்லோரும் எடுப்பார்கள், அதனால் பேரும் அவனுடையதாகிவிட்டது. காமிக்ஸ் கதையை வைத்துச் செய்த ஆட்டம், தலைப்பிலோ கார் கம்பெனியின் பேர், மறுபடி விற்க எத்தனை பேரிடம் உரிமை கேட்க வேண்டியிருக்குமோ. வீட்டுப் பெட்டி எதற்கும் அது வந்ததே இல்லை. 2018இல் காப்காம் தன் பழைய அடிதடி ஆட்டங்கள் ஏழைச் சேர்த்து விற்றபோதும் இது அதில் இல்லை. பார்லர் எந்திரத்தின் அசல் சர்க்யூட் போர்டில் ஒரு பேட்டரி உண்டு, அது தீர்ந்தால் போர்டே படுத்துவிடும். விற்கவும் மாட்டார்கள், இருப்பதும் சாகும் என்றால், எமுலேட்டர்க்காரன் செய்வதைத் திருட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது வீட்டில் பழைய சட்டம் அமலில் இருக்கிறது. செட்டிங்கில் போய் ரிவைண்டை நிறுத்திவிட்டேன் (அவளுக்கு அதைத் திரும்பப் போடத் தெரியும், இதுவரை போடவில்லை). ஒரு உயிர் போனால் போன் கை மாற வேண்டும். புதன்கிழமை ராத்திரி முதல் முறை ஆடினோம். அவள் முதலில் வருகிற காளான் எதிரியிடமே செத்தாள், எட்டு நொடிகூட ஆகவில்லை. முகம் சுருங்கி, போனை என் கையில் திணித்தாள். டெண்டி வேகத்தில் எனக்குப் பழைய கை வந்துவிட்டது. முதல் கட்டம் முடிந்தது, சுரங்கம் முடிந்தது, மூன்றாவதில் மரத்துக்கு மரம் தாவிக்கொண்டிருக்கிறேன். சோபாவின் பின்னால் நின்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள் பொறுமை போய், என் காதருகே குனிந்தாள்.

"சீக்கிரம் சாவுங்கப்பா."

அடுக்களையிலிருந்து கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. "என்னடி பேச்சு அது, அப்பாகிட்ட!" என்று என் மனைவி வெளியே வருவதற்குள் நான் விழுந்துவிட்டேன். மகள் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.