வாசலில் நின்றால் ஆர்டர் கிடைத்துவிடுமா?
"கடை வாசலில் நிற்பவருக்கே ஆர்டர் வரும், வராவிட்டால் உள்ளே யாரோ மாற்றிவிடுகிறார்கள்" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள், அண்ணா. அது சரியில்லை. பெரிய டெலிவரி செயலிகளில் தூரம் ஓர் அம்சம்தான். சமையல் எப்போது முடியும், யாரிடம் ஏற்கெனவே பார்சல் இருக்கிறது என்பதையும் கணக்குப் பார்க்கும். சில நொடிகள் பொறுத்து, பல ஆர்டர்களைச் சேர்த்தே பிரிப்பதும் உண்டு. இந்தப் பங்கீட்டுக் கணக்குக்கு அமெரிக்கக் கணிதவியலாளர் ஹெரால்ட் கூன் 1955-லேயே ஒரு வழிமுறை வெளியிட்டார்.

நம்ம டர்பன் (தென்னாப்பிரிக்கா) சாட்ஸ்வொர்த்தில் ஒரு கடையில் பன்னி சௌ (குடைந்த பிரெட்டுக்குள் கறிக்குழம்பு) தயாராக 15 நிமிடம் ஆகும், பக்கத்துக் கடையில் ரொட்டி தயார் என்று வையுங்கள். வாசலில் நிற்பவருக்கு ரொட்டி போகும்; பன்னி சௌ ஹிக்கின்சன் ஹைவேயில் வந்துகொண்டிருப்பவருக்குப் போகலாம். அதற்காகச் சக டிரைவர்கள்மேல் சந்தேகப்படாதீர்கள், தயவுசெய்து.