சம்பளத்துக்கு மட்டும் சின்ன ஊர்

"ஆர்கன்சாவா? அங்கே என்ன பெரிய செலவு, பாதிச் சம்பளத்தை மிச்சம் பிடிக்கலாமே!" இப்படிச் சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. டல்லாஸில் இருக்கும் நண்பர், நியூ ஜெர்சியில் இருக்கும் சித்தப்பா, சென்னையில் உட்கார்ந்துகொண்டு ஆன்சைட் சம்பளம் பேசும் எச்.ஆர். என்று எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். பென்டன்வில்லுக்கு வந்து ஒரு வருடம் வாடகை கட்டட்டும், அப்புறம் பேசட்டும்.

ஊரைத் தெரியாதவர்களுக்கு: ஆர்கன்சா மாநிலத்தின் வடமேற்கு மூலை, பக்கத்து மாநிலமான மிசௌரியின் எல்லை பக்கத்திலேயே. 1950இல் சாம் வால்டன் இந்த ஊர் சதுக்கத்தில் ஒரு சின்னக் கடை போட்டார். அதிலிருந்து வளர்ந்த சூப்பர் மார்க்கெட் கம்பெனி வால்மார்ட்டின் தலைமையகம் இன்றும் இங்கேதான். வால்மார்ட்டுக்குச் சரக்கு விற்கிற கம்பெனிகளும் ஆளுக்கொரு அலுவலகம் திறந்து வைத்திருக்கின்றன. ப்ராஜெக்டுக்கு ஐ.டி. ஆட்களை அனுப்பும் கன்சல்டன்சி கம்பெனிகள் மூலம் நம் ஆட்கள் வந்து இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். 2000இல் இங்கே சுமார் 20 ஆயிரம் பேர்தான். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 54 ஆயிரம். அதற்கப்புறமும் நின்றதா? 2024 மே மாதம் டல்லாஸ், அட்லான்டா, டொரொன்டோ அலுவலகங்களில் இருந்தவர்களில் பெரும்பாலானவர்களை இடம் மாறச் சொன்னது வால்மார்ட்; அதில் நிறையப் பேர் வந்து சேர வேண்டிய இடம் பென்டன்வில். 2025 ஜனவரியில் சுமார் 350 ஏக்கரில் புது வளாகத்தைத் திறந்தார்கள். ஆட்கள் வந்த வேகத்துக்கு வீடு வரவில்லை. விளைவை வாடகையில் பார்க்கிறோம்.

இதில் என்னைக் கொதிக்க வைப்பது வாடகை மட்டும் இல்லை. "சின்ன ஊர்" என்ற காரணத்தைக் காட்டி என் சம்பளத்தைக் குறைக்கிறார்களே, அதுதான். எச்-1பி விசாவுக்கு அமெரிக்கத் தொழிலாளர் துறை குறைந்தபட்சச் சம்பளத்தை எப்படி நிர்ணயிக்கிறது? வேலை, அனுபவ நிலை, ஊர் மூன்றையும் வைத்து. டல்லாஸுக்கு ஒரு தொகை, ஃபயட்வில்-ஸ்ப்ரிங்டேல்-ராஜர்ஸ் வட்டாரம் என்று பெயர் போட்ட எங்கள் பக்கத்துக்கு அதைவிடக் குறைந்த ஒரு தொகை. அது சட்டப்படி தரையளவு மட்டுமே, அதற்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஆனால் நம் கன்சல்டன்சிகள் அந்தத் தரையிலேயே பாய் விரித்துப் படுத்துக்கொள்கின்றன. "அங்கே காஸ்ட் ஆஃப் லிவிங் கம்மி தம்பி, டல்லாஸ் ரேட் கேட்காதீங்க" என்று என்னிடமே சொன்னார்கள். டல்லாஸில் மாநில வருமான வரி கிடையாது. இங்கே உண்டு, 2024 கணக்குக்கு உச்ச விகிதம் 3.9 சதவீதம். அதை அந்தக் கணக்கில் ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டால் பதில் இல்லை.

சரி, வாடகைக்கு வருவோம். போன முறை லீஸ் புதுப்பிக்க வந்த மெயிலை அப்படியே சொல்கிறேன். ஒரு பெட்ரூம். 1,290 டாலராக இருந்தது 1,445 ஆகிறது. அதுவும் 12 மாதம் கையெழுத்துப் போட்டால். ப்ராஜெக்ட் எப்போது முடியும் என்று தெரியாத எங்களைப் போன்றவர்கள் ஆறு மாதம் கேட்டால் 1,610. மாதா மாதம் இருக்கிறேன் என்றால் 1,900க்கு மேல். இதற்குக் கீழே ஒரு பட்டியல். வாசலில் வைக்கும் குப்பையை எடுத்துப்போக 'வேலே டிராஷ்' 30 டாலர், வேண்டாம் என்று சொல்ல முடியாது. நூறடி நடந்தால் குப்பைத் தொட்டி, நானே கொண்டுபோய்ப் போடுவேன், ஆனால் பணம் கட்டியே ஆகவேண்டும். பூச்சி மருந்துக்கு ஒரு தொகை. பார்சல் பெட்டிக்கு ஒரு தொகை. தண்ணீருக்கு மீட்டர் கிடையாது, மொத்தக் கட்டடத்தின் பில்லை ஆள் கணக்கில் பங்கு போடுகிறார்கள். நான் ஒரு வாரம் வீட்டில் இல்லாவிட்டாலும் என் பங்கு அப்படியே. பில்லைப் பங்கு பிரிப்பதற்கு என்று ஒரு கட்டணம், அதையும் என்னிடமே வாங்குகிறார்கள்! இதையெல்லாம் கூட்டினால் விளம்பரத்தில் போட்ட வாடகைக்கும் நான் கட்டும் பணத்துக்கும் நடுவே நூறு டாலருக்கு மேல் வித்தியாசம் வருகிறது.

அதே வளாகத்தில், அதே மாதிரி வீடு, புதிதாக வருகிறவர்களுக்கு முதல் மாதம் இலவசம் என்று இணையத்தில் விளம்பரம். ஒழுங்காக ஒன்றாம் தேதி பணம் கட்டி வந்தவனுக்கு ஏற்றம், முன்பின் தெரியாதவனுக்குச் சலுகையா? ஆஃபீஸில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். "ரேட் சிஸ்டத்திலிருந்து வருகிறது, என் கையில் எதுவும் இல்லை" என்றார். வாடகை நிர்ணயிக்கும் மென்பொருள் ஒன்றைச் செய்த கம்பெனி மீது, வீட்டுக்காரர்கள் ஒன்றுகூடி விலை ஏற்ற அது வழி செய்கிறது என்று 2024 ஆகஸ்டில் அமெரிக்க அரசின் நீதி அமைச்சகமே வழக்குப் போட்டது. ஆகவே "சிஸ்டம்" என்று சொன்னால் நான் வாயை மூடிக்கொண்டு போகவேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

அந்தப் பெண்ணே மிசௌரியிலிருந்து தினமும் கார் ஓட்டி வருகிறாராம். 2021இல் ஐ-49 சாலையை மிசௌரி எல்லையோடு இணைத்தார்கள். இங்கே வீடு எடுக்கக் கட்டுப்படியாகாதவர்கள் அந்த வழியாக வந்து போகிறார்கள். வீட்டை வாடகைக்கு விடுகிற ஆளுக்கே அந்த ஊரில் வாடகை கட்ட முடியவில்லை என்றால் இதை என்னவென்று சொல்வது?

வேறு ஊர்களில் வாடகைக்கு உச்சவரம்பு கேட்டு நகர சபையிடம் போகலாம். இங்கே போய்ப் பயனில்லை. எந்த நகரமும் கவுண்டியும் (நம்மூர் மாவட்டம் மாதிரி) வாடகைக் கட்டுப்பாடு கொண்டுவரக் கூடாது என்று மாநிலச் சட்டமே இருக்கிறது. வீடு குடியிருக்கத் தகுந்ததாக இருக்கவேண்டும் என்ற அடிப்படைப் பொறுப்புகூட 2021 வரை வீட்டுக்காரருக்கு இந்த மாநிலத்தில் கிடையாது. அந்த வருடம் ஒரு சட்டம் வந்தது. தண்ணீர், மின்சாரம், ஒழுகாத கூரை என்று சில குறைந்தபட்ச விஷயங்கள். வீட்டுக்காரர் 30 நாளில் சரிசெய்யாவிட்டால் நமக்குக் கிடைக்கும் உரிமை என்ன தெரியுமா? லீஸை முறித்துக்கொண்டு வெளியேறலாம். அவ்வளவுதான்! வெளியேறி எங்கே போவது, இன்னும் 200 டாலர் அதிகமான வீட்டுக்கா?

இன்னொன்று கேளுங்கள். வாடகை பாக்கி வைத்து, நோட்டீஸ் வந்தபின் 10 நாளில் காலி செய்யாமல் இருந்தால் இந்த மாநிலத்தில் அது குற்ற வழக்காகவே ஆகலாம். விசாவில் இருக்கிற ஒருவனுக்கு இதைப் படித்தால் எப்படி இருக்கும்? பேரம் பேசவே பயமாக இருக்கிறது. மென்று விழுங்கிவிட்டுக் கையெழுத்துப் போடுகிறோம்.

கார் இல்லாமல் இங்கே பால் வாங்கக்கூட முடியாது. பஸ்ஸை நம்பி வேலைக்குப் போகிற தமிழ்க் குடும்பம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு இரண்டு கார். ஆர்கன்சாவில் காருக்கு வருடா வருடம் சொத்து வரி உண்டு, புதிதாக வருகிற யாரிடமும் இதை யாரும் சொல்வதில்லை. மே 31க்குள் கவுண்டியில் காரைக் கணக்கில் காட்டவேண்டும், தாமதித்தால் 10 சதவீத அபராதம். அக்டோபர் 15க்குள் வரி. கட்டாமல் நம்பர் பிளேட்டைப் புதுப்பிக்க முடியாது. எச்-1பி ஆட்களோடு எச்-4 என்ற துணை விசாவில் வரும் மனைவிமார்களில் பலருக்கு வேலை பார்க்க அனுமதி இல்லை. கணவரின் கிரீன் கார்டு மனு ஒரு கட்டம் தாண்டினால்தான் கிடைக்கும். ஆக ஒரு சம்பளம், இரண்டு கார், இரண்டு இன்சூரன்ஸ், இரண்டு வரி.

சாப்பாட்டுச் சாமானுக்கு மாநில வரியை 2026 ஜனவரியிலிருந்து எடுத்துவிட்டோம் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். எடுத்தது 0.125 சதவீதம், அதாவது நூறு டாலருக்குப் பன்னிரண்டரை சென்ட். நகரமும் கவுண்டியும் வாங்குகிற வரி அப்படியே இருக்கிறது. மற்றப் பொருளுக்கெல்லாம் மொத்தம் 9.5 சதவீதம்.

என்னைவிடவும் கஷ்டப்படுகிறவர்களை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. இந்த மாநிலத்தில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 11 டாலர், 2021இலிருந்து அதே 11தான். வாரம் 40 மணி நேரம், வருடம் முழுக்க லீவே போடாமல் உழைத்தால் 22,880. மாதத்துக்கு 1,900 சொச்சம். பெரும்பாலான அபார்ட்மென்ட்களில் வாடகையைப்போல மூன்று மடங்கு வருமானம் காட்டினால்தான் விண்ணப்பத்தையே வாங்குவார்கள். 1,445 டாலர் வீட்டுக்கு மாதம் 4,335 காட்டவேண்டும். அப்படிப்பட்ட கூலிக்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்தாலும் எட்டாது. எங்கள் அலுவலகத்தைத் துடைக்கிறவர், மதியம் சாண்ட்விச் கட்டித் தருகிறவர், டேகேரில் நம் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவர், இவர்கள் எல்லோரும் எங்கே தூங்குகிறார்கள் என்று இந்த ஊர் ஒருநாளாவது யோசிக்கிறதா? சைக்கிள் பாதை அருமை, கிரிஸ்டல் பிரிட்ஜஸ் அருங்காட்சியகத்தில் நுழைவு இலவசம், நானும் போய் ரசித்திருக்கிறேன். ஆனால் அந்தப் பாதைகளும் மியூசியமும் பக்கத்தில் இருக்கின்றன என்று சொல்லியே வீட்டின் விலையை ஏற்றுகிறார்கள்.

பென்டன்வில் ப்ராஜெக்டுக்கு ஆஃபர் கையில் வைத்திருக்கிற தம்பி தங்கைகளே, கையெழுத்துப் போடும் முன் அந்த எச்.ஆரிடம் கேளுங்கள்: எந்த வருடத்து வாடகையை வைத்து இந்தச் சம்பளம் போட்டீர்கள்? அபார்ட்மென்ட்காரர்களிடம் அடிப்படை வாடகையைக் கேட்காதீர்கள், எல்லாக் கட்டணமும் சேர்த்து மாதம் எவ்வளவு என்று மெயிலில் எழுதி வாங்குங்கள். ப்ராஜெக்ட் பாதியில் முடிந்தால் லீஸை முறிக்க எத்தனை மாத வாடகை என்பதையும் எழுதி வாங்குங்கள். இரண்டு மாத வாடகையைப் பிடுங்கிய இடங்கள் எனக்குத் தெரியும். அந்தப் பணத்தைக் கம்பெனி கொடுக்குமா என்று ஆஃபர் லெட்டரிலேயே ஒரு வரி கேளுங்கள். கொடுக்க மாட்டோம் என்றால் டல்லாஸ் சம்பளம் கேளுங்கள், கூச்சமே படாமல் கேளுங்கள்.