பதினெட்டு வயதில் ஜெயித்துவிட்டால்

நண்பர் ஒருவருடன் நேற்று ராத்திரி நீண்ட வாக்குவாதம். "ஈவிரக்கம் பார்க்காமல், உயிரைப் பணயம் வைத்து அடிக்கிறவன்தான் பெரிய தளபதி. கணக்குப் போட்டுத் தயங்குகிறவனை வரலாறு ஞாபகம் வைத்துக்கொள்வதே இல்லை" என்பது அவர் கட்சி. ஞாபகத்தில் நிற்பது வேறு, போரை ஜெயிப்பது வேறு என்பது என் கட்சி. பேச்சில் முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஸ்வீடன் அரசர் பன்னிரண்டாம் சார்லஸ் மேல் எனக்கும் ஒரு காலத்தில் பித்து இருந்தது. இருக்காதா பின்னே? 1700 நவம்பர். பால்டிக் கடல் பக்கம் ஸ்வீடன் வசமிருந்த நார்வா கோட்டையை ரஷ்யப் படை வளைத்துக்கொண்டு கிடக்கிறது. சார்லஸுக்கு வயது 18. கையில் இருப்பது சுமார் பத்தாயிரம் பேர். எதிரில் அதைப்போல் மூன்று மடங்கு. சார்லஸோடு வந்தவர்கள் பசியும் களைப்புமாக இருக்கிறார்கள். வேறு யாராக இருந்தாலும் இரண்டு நாள் பொறுத்திருப்பார். இவர் அன்றைக்கே அடிக்கச் சொல்கிறார். அந்த நேரம் பார்த்துப் பனிப்புயல் கிளம்பி ரஷ்யர்களின் முகத்தில் அறைகிறது. ஸ்வீடன்காரர்களுக்கோ அது முதுகுப் பக்கம். கண்ணைத் திறக்க முடியாத அந்த வெள்ளைக்குள்ளிருந்து வாளும் ஈட்டியுமாக வந்து விழுந்தார்கள். ரஷ்ய வரிசை கலைந்தது. தப்பி ஓடியவர்களின் கூட்டம் தாங்காமல் ஆற்றுப்பாலமே முறிந்தது.

காற்று எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஜெயித்த பிறகு இதை யாரும் கேட்பதில்லை. ஜெயித்தவர் தன்னைத்தானே கேட்டுக்கொள்வது அதைவிட அபூர்வம்.

தோற்றவர் கேட்டுக்கொண்டார். சண்டைக்கு முன்பே முகாமை விட்டுப் போயிருந்த ரஷ்ய மன்னர், ஜார் பீட்டர், இழந்த பீரங்கிகளுக்குப் பதிலாகத் தேவாலய மணிகளை உருக்கிப் புதியவற்றை வார்த்தார். ஆட்களைத் திரட்டினார், பயிற்சி கொடுத்தார், சின்னச் சின்னச் சண்டைகளில் பழக்கினார். சார்லஸ் அந்த நேரத்தில் போலந்து மன்னர் அகஸ்டஸைத் துரத்திக்கொண்டிருந்தார், ஆறு வருஷம்! பீட்டர் 1703இல் ஒரு புது நகரத்துக்கே அடித்தளம் போட்டுவிட்டார். அதுதான் பீட்டர்ஸ்பர்க்.

என் வாதமே இந்த ஆறு வருஷம்தான். எதிராளிக்கு நம் ஆட்டம் புதிதாக இருக்கிறவரை துணிச்சல் வேலை செய்யும். ஒவ்வொரு வெற்றியும் அவனுக்கு ஒரு பாடம். நம் பக்கத்திலோ, குண்டு மழைக்குள் சுடாமல் நெருங்கிப்போய்க் கடைசி நொடியில் பாய்கிற அந்தப் பழுத்த சிப்பாய்கள் ஒவ்வொரு சண்டையிலும் குறைந்துகொண்டே போவார்கள். புது ஆளைப் பிடிக்கலாம். அந்த நெஞ்சழுத்தத்தை ஒரு மாதத்தில் ஊட்டிவிட முடியாது. லாபத்தைக் காட்டி முதலைத் தின்கிற வியாபாரம் இது.

1708இல் சார்லஸ் ரஷ்யாவுக்குள் நுழைந்தபோது பீட்டர் நேருக்கு நேர் நிற்கவில்லை. தன் சொந்த மண்ணையே எரித்துக்கொண்டு பின்வாங்கினார். உணவும் வெடிமருந்தும் ஏற்றிய வண்டிகளுடன் தளபதி லேவன்ஹாப்ட் பின்னால் வந்துகொண்டிருந்தார். அவருக்காகக் காத்திருக்காமல் சார்லஸ் தெற்கே திரும்பிவிட்டார். லெஸ்னாயா என்ற ஊரில் ரஷ்யர்கள் அந்த வண்டித்தொடரை மடக்கினார்கள். லேவன்ஹாப்ட் பாதிப் படையோடு, வண்டிகள் இல்லாமல் வந்து சேர்ந்தார். அப்புறம் வந்தது ஐரோப்பாவே நடுங்கிய குளிர்காலம்.

அடுத்த கோடையில் உக்ரைனில் பொல்தாவா சண்டை. சில நாள் முன்பு காலில் குண்டடி பட்டதால் சார்லஸை டோலியில் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள். தாக்குதலுக்கு எடுத்துப்போன பீரங்கிகள் நான்கே நான்கு. திட்டம் என்னவோ, வழியில் இருக்கும் ரஷ்ய மண்ணரண்களைச் சட்டை செய்யாமல் தாண்டிப் போவது. ஆனால் ரூஸ் என்ற தளபதிக்கு அது சரியாகச் சொல்லப்படவில்லை. அவர் கர்மசிரத்தையாக ஒவ்வொரு அரணையும் தாக்கிக்கொண்டு நின்று, தன் படையில் பெரும்பகுதியை அங்கேயே பலிகொடுத்தார். அவர் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. எல்லாம் ஒரே தலைக்குள் இருக்கிற படையில், அந்தத் தலை டோலியில் படுத்திருந்தால் இப்படித்தான் ஆகும்.

நெப்போலியன் கதையும் ஏறக்குறைய இதே வழித்தடம்தான். 1813இல் அவருடைய எதிரிகள் டிராக்கன்பெர்க் என்ற ஊரில் ஒரு திட்டம் போட்டார்கள்: நெப்போலியன் நேரில் வந்தால் விலகிவிடு, அவருடைய மார்ஷல்கள், அதாவது தளபதிகள், தனியாக அகப்பட்டால் அடி. எத்தனை எளிது பாருங்கள்! அக்டோபரில் லைப்சிக்கில் எல்லோரும் சேர்ந்து முடித்துவிட்டார்கள்.

"அலெக்சாண்டர் தோற்கவே இல்லையே" என்றார் நண்பர். கிரானிகஸ் ஆற்றங்கரையில் அலெக்சாண்டர் தலையில் விழவேண்டிய வெட்டைத் தடுத்துக் காப்பாற்றியவர் அவருடைய தளபதி கிளீட்டஸ். அதே கிளீட்டஸை, கி.மு. 328இல் ஒரு குடிவிருந்தில் முகத்துக்கு நேரே பேசியதற்காக, அலெக்சாண்டர் ஈட்டியால் குத்திக் கொன்றார். அதற்கப்புறம் எந்தத் தளபதி வாய் திறப்பான்? இரண்டு வருஷத்தில் பியாஸ் நதிக்கரையில் படையே "இனி வரமாட்டோம்" என்று நின்றுவிட்டது. 32 வயதில் செத்துப்போனார். கடன்காரன் கதவைத் தட்டும் முன்பே வீட்டைக் காலி செய்தவர் என்றுதான் நான் அவரைச் சொல்வேன். பாரசீக மன்னர் நாதிர் ஷாவுக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லை. 1739இல் டெல்லியைச் சூறையாடியவரை 1747இல் அவருடைய சொந்த அதிகாரிகளே கூடாரத்துக்குள் புகுந்து வெட்டினார்கள். அடுத்து நம் தலைதான் என்ற பயம்.

செங்கிஸ்கானை வைத்து நண்பர் மடக்கப் பார்த்தார். நல்ல கேள்விதான், நானே கொஞ்சம் திணறினேன். கொடூரத்தில் அவர் யாருக்கும் சளைத்தவர் இல்லை. அவர் சாம்ராஜ்யம் அவருக்குப் பின்னும் வளர்ந்தது. ஆனால் அவரும் அவருடைய தளபதி சுபுதாயும் சூதாடிகளா? ஒற்றர்களை முன்னால் அனுப்பி, ஆளுக்கு மாற்றுக் குதிரைகளோடு, பாதகமான இடத்தில் சண்டை வந்தால் வெட்கப்படாமல் பின்வாங்கி எதிரியை இழுத்துக்கொண்டு போய் அடித்தவர்கள். இரக்கமின்மையும் கண்மூடித்தனமும் ஒன்றல்ல. நண்பர் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார். (இரக்கமின்மையை நான் நியாயப்படுத்தவில்லை. அது தனி வழக்கு.)

சார்லஸ் பொல்தாவாவில் தோற்று ஓட்டோமான் துருக்கியரின் எல்லைக்குள் தப்பினார், வருஷக்கணக்கில் அங்கே கிடந்தார், திரும்பி வந்து மறுபடியும் படை திரட்டினார். 1718இல் நார்வேயின் பிரெட்ரிக்ஸ்டன் கோட்டையை முற்றுகையிட்டபோது, இரவில் பதுங்குகுழி விளிம்புக்கு மேல் தலையை நீட்டி எட்டிப் பார்த்தார். குண்டு நெற்றிப்பொட்டைத் துளைத்து மறுபக்கம் போனது. வயது 36. மூன்று வருஷம் கழித்து நிஸ்டாட் என்ற ஊரில் கையெழுத்தான உடன்படிக்கையில், பால்டிக் பக்கம் ஸ்வீடன் வைத்திருந்த எஸ்டோனியா, லிவோனியா, இங்ரியா எல்லாம் பீட்டர் கைக்குப் போயின. நார்வாவும் அதில் அடக்கம்.